கூண்டைக் கூட்டும் முன் சருகைச் சேருங்கள்: சென்னை வீடுகளில் கோழிக் கூளத்தை உரமாக்கும் வழி

கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்கிய யாருக்கும் சீக்கிரமே ஒரு கேள்வி வந்துவிடும். கூண்டுக்குள் பரப்பிய உமியோ மரத்தூளோ எச்சத்தோடு சேர்ந்து கெட்டிப்பட்டுக் கூளமாகக் கிடக்கிறது. இதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அப்படியே செடிக்குப் போட்டால் இலை கருகும். மூட்டை கட்டி மூலையில் வைத்தால் ஒரு மழைக்கே நாற்றம் தெருவரை போகும். குப்பை வண்டியில் ஏற்றிவிட்டால் கைக்கு வந்த நல்ல உரம் வீணாகிறது.

நல்ல உரம் என்று சும்மா சொல்லவில்லை. காய்ந்த கோழி எச்சத்தில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. மாட்டுத் தொழுஉரத்தில் அது அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கோழி எச்சத்தில் அதிகம். வளர்ந்த கோழி ஒன்று ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம் ஈர எச்சம் போடும். ஐந்து கோழி என்றால் மாதம் 15 கிலோ. மாடித்தோட்டத்துக்கும் கொல்லையில் உள்ள முருங்கை, வாழை, கறிவேப்பிலைக்கும் இது தாராளம்.

கூளத்தை மக்கவைக்கப் பார்த்துப் பாதியில் கைவிட்டவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே கதைதான். முதலில் கூண்டைக் கூட்டிக் கூளத்தை வெளியே குவித்துவிடுகிறார்கள், அப்புறம்தான் சருகு தேடுகிறார்கள். அதற்குள் குவியல் நாறத் தொடங்கிவிடுகிறது. ஆகவே முறையை மாற்றுங்கள். நாலைந்து மூட்டை சருகு கையில் இல்லாமல் கூண்டில் துடைப்பத்தை வைக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும்.

சருகு ஏன் இவ்வளவு முக்கியம்

குப்பையை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமச்சத்து (கார்பன்) 25 முதல் 30 பங்கு வேண்டும். கோழி எச்சத்தில் தனியாகப் பார்த்தால் கரிமம் பத்துப் பங்குக்கும் குறைவு. உண்டதுபோக மிஞ்சுகிற தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கில் ஏறும் அந்தக் காரமான நெடி, செடிக்குச் சேர வேண்டிய சத்து பறந்துபோவதன் அடையாளம். கரிமத்தைக் கூட்டினால் நெடி அடங்கும், சத்தும் குவியலிலேயே தங்கும்.

"கூண்டில் போட்ட உமியே கரிமம்தானே, போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்தக் கூளம் போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது பதில்.

உமி: சென்னையில் எளிதாகக் கிடைப்பது இதுதான். செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைகள் அதிகம் என்பதால் மூட்டையாகவே வாங்கலாம். ஆனால் உமியில் சிலிக்கா அதிகம். லேசில் மக்காது. கணக்குக்குக் கரிமம் இருந்தாலும் நுண்ணுயிரால் அதை விரைவாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் உமிக் கூளத்தைப் பார்த்தால் காய்ந்த பொருள் நிறைய இருப்பதுபோல் தெரியும். குவித்து வைத்தால் எச்சத்தை மட்டும் குவித்ததுபோல நெடி அடிக்கும். உமிக்குச் சருகு கட்டாயம் சேர்க்க வேண்டும். உமி பாதி மக்கியும் மக்காமலும் கடைசிவரை நிற்கும், அது பரவாயில்லை. குவியலுக்குள் காற்றுப் போக வழி விடும், பிறகு மண்ணையும் பொலபொலப்பாக்கும்.

மரத்தூள், இழைப்புச் சுருள்: மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சில நூறு பங்கு கரிமம். இங்கே பிரச்சினை தலைகீழ். சருகைக் குறைத்து, சமையலறைக் காய்கறிக் கழிவையோ வெட்டிய புல்லையோ சேர்க்க வேண்டியிருக்கும். நைசான தூள் நனைந்தால் அப்பிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். சுருளாக வரும் இழைப்புத்தூள் மேல். தச்சுப் பட்டறையில் வாங்கும்போது பிளைவுட், எம்.டி.எஃப். பலகை அறுத்த தூளா என்று கேட்டுவிடுங்கள். அவற்றில் பசை கலந்திருக்கும், கோழிக்கும் ஆகாது, மண்ணுக்கும் ஆகாது.

வைக்கோல்: மக்குவதில் வைக்கோலுக்கு நிகரில்லை. நீளமாகவே போட்டால் பாய்போல் படிந்துவிடும், ஒரு சாண் அளவுக்கு வெட்டிப் போடுங்கள். மாம்பழ சீசனில் பழக்கடைகளில் பெட்டியோடு வரும் வைக்கோலைக் கேட்டு வாங்கலாம்.

தேங்காய் நார்க்கழிவு: தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். கோடையில் நல்லது, ஐப்பசி கார்த்திகையில் தொல்லை. நார்க்கழிவுக் கூளத்தோடு சின்னக் குச்சி, சுள்ளி, நொறுங்கிய கடலைத்தோல் என்று கொஞ்சம் முரடான பொருளும் கலக்க வேண்டும்.

சருகு எங்கே, எப்போது

சென்னை மரங்கள் பெரும்பாலும் தை முதல் பங்குனிவரை இலை கொட்டும். வேம்பும் புங்கனும் தெருவெங்கும் உதிரும் காலம் அது. நாட்டு வாதுமை தன் பெரிய சிவந்த இலைகளை அப்போதுதான் கொட்டுகிறது. தெரு கூட்ட வருகிறவரிடம் இரண்டு சாக்கைக் கொடுத்து, "அக்கா, சருகை வண்டியில கொட்டாம இதுல போட்டு வைக்கிறீங்களா, நான் எடுத்துக்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் சுமை குறையும். பிளாஸ்டிக், கண்ணாடித் துண்டு கலந்திருந்தால் வீட்டில் கொட்டிப் பொறுக்கிவிடுங்கள்.

காய்ந்த சருகைச் சாக்கில் கட்டி மழை படாத இடத்தில் அடுக்கி வைத்தால் வருடம் முழுக்க வரும். வடகிழக்குப் பருவமழை வந்தபிறகு காய்ந்த இலை கிடைக்காது. அப்போது நனைந்த கூளம் மட்டும்தான் கையில் இருக்கும். பங்குனியில் சேர்க்கிற சருகுதான் ஐப்பசியில் கைகொடுக்கும். வாதுமை இலை போன்ற தடித்த இலைகளைக் காலால் மிதித்து நொறுக்கிச் சேர்த்தால் வேகமாக மக்கும்.

இடம்

தரையில் மூன்றடிக்கு மூன்றடி இடம் போதும். அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் சென்னைக்கே உரிய சில கவனங்கள் வேண்டும்.

மழைநீர் சேகரிப்புக் குழியிலிருந்தும் கிணறு, போர், சம்ப் ஆகியவற்றிலிருந்தும் முடிந்தவரை தள்ளி வையுங்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். குவியலில் இருந்து வழியும் பழுப்பு நீர் அந்தக் குழிக்குள் இறங்கினால் நிலத்தடி நீரில் நைட்ரேட் கலக்கும். திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற கடலோர மணல் பகுதிகளில் நீர் சட்டென்று கீழே இறங்கிவிடும் என்பதால் இன்னும் கவனம் தேவை. அங்கே தரையில் அரையடிக்குச் சருகை மெத்தையாகப் போட்டு அதன்மேல் குவியுங்கள். அண்ணாநகர், விருகம்பாக்கம் போலக் களிமண் பாங்கான இடங்களில் நீர் தேங்குவதுதான் சிக்கல்; செங்கல் வரிசை வைத்துத் தரையை உயர்த்திக்கொள்ளுங்கள்.

பெருச்சாளி வராமல் இருக்க அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை விரியுங்கள். பக்கங்களுக்கும் அதே வலையை வளைத்துக் கட்டிவிட்டால் மலிவான தொட்டி தயார். இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் சுவரும் ஆகும்.

கோடையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். பக்கத்து வீட்டுச் சன்னல் உங்கள் குவியலுக்கு நேர் மேற்கே இருந்தால் வேறு மூலை பாருங்கள். தொடங்கும் முன்பே அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. முதல் உரத்தில் ஒரு பை கொடுப்பதாகவும் சொல்லுங்கள்.

மொட்டை மாடியில் மூன்றடிக் குவியல் வேண்டாம். ஈரமான குவியல் அந்த அளவில் நானூறு ஐந்நூறு கிலோ வந்துவிடும், அடியில் கசிவும் தளத்தைக் கெடுக்கும். மாடிதான் வழி என்றால் பக்கமெல்லாம் துளையிட்ட 200 லிட்டர் டிரம்மை, தளத்துக்கு அடியில் சுவர் தாங்கும் இடமாகப் பார்த்து, செங்கல்மீது ஏற்றி வையுங்கள். டிரம்மில் சூடு முழுமையாக ஏறாது, அதனால் மூன்று மாதத்துக்குப் பதில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

கூண்டைக் கூட்டுதல்

காய்ந்த கூளத்தூசியில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், அம்மோனியாவும் இருக்கும். கோழிகளை வெளியே விட்டுவிட்டு, கூளத்தின்மீது லேசாகத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். முகக்கவசம், கையுறை, இதற்கென்று தனிச் செருப்பு. வீட்டில் சின்னக் குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவர்களை இந்த வேலைக்கு அழைக்காதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கூட்டும்போதே இரண்டாகப் பிரியுங்கள். இரவில் கோழிகள் அடையும் கம்புக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் எச்சம். மற்ற மூலைகளில் இருப்பது பெரும்பாலும் கூளம். கம்புக்குக் கீழே எடுத்ததற்கு ஒரு பாண்டுக்கு (மண் அள்ளும் சட்டி) இரண்டு பாண்டு சருகு. மற்றதற்கு ஒரு பாண்டுக்கு அரைப் பாண்டு போதும். எடை போட்டுப் பார்க்கத் தேவையில்லை, பாண்டுக் கணக்கே சரியாக வரும்.

கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்திருந்தாலோ, காரணம் தெரியாமல் அடுத்தடுத்து இறந்தாலோ அந்தக் கூளத்தை உரத்துக்கு எடுக்காதீர்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

குவித்தல்

அடியில் அரையடி சருகும் சுள்ளியும். அதன்மேல் நாலு விரல் உயரத்துக்குக் கூளம், பிறகு மேலே சொன்ன அளவில் சருகு, மேலே தண்ணீர்த் தெளிப்பு. மறுபடி கூளம். இப்படியே மூன்றடி உயரம்வரை. கெட்டிப்பட்ட கட்டிகளை மண்வெட்டியின் பின்பக்கத்தால் உடைத்துப் போடுங்கள். உடைக்காத கட்டியின் நடுவில் காற்றே போகாது, அங்கிருந்துதான் அழுகல் நாற்றம் கிளம்பும். இடையிடையே ஒரு கைப்பிடி தோட்ட மண்ணோ பழைய மக்கு உரமோ தூவலாம். கடைசியில் மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகுப் போர்வை. ஈ உட்காராமல் தடுப்பது இந்தப் போர்வைதான், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மூன்றடி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைவிடச் சிறிய குவியல் உள்ளே பிறக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும். ஐந்து கோழியின் ஒரு தடவைக் கூளம் அவ்வளவு வராது. சருகு, காய்கறித் தோல், வெட்டிய புல், பூஜைப் பூ எல்லாம் சேர்த்து நிரப்புங்கள். இல்லையென்றால் இரண்டு மூன்று தடவை கூட்டிய கூளத்தைச் சருகோடு கலந்து சாக்கில் வைத்திருந்து ஒரே நாளில் குவியுங்கள்.

சோறு, குழம்பு, மீன் செதில், எலும்பு, இறந்த கோழி எதுவும் வேண்டாம். பெருச்சாளிக்கும் நாய்க்கும் அழைப்பு வைத்தது மாதிரி ஆகிவிடும். நாற்றத்துக்குச் சுண்ணாம்போ அடுப்புச் சாம்பலோ தூவும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. தூவாதீர்கள். காரத்தன்மை கூடினால் தழைச்சத்து இன்னும் வேகமாக அம்மோனியாவாகப் பறக்கும். நாற்றத்துக்கு மருந்து சருகு மட்டும்தான்.

ஈரம்

குவியலுக்குள் ஒரு முழம் கையை விட்டு ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்து நின்றால் சரியான ஈரம். தண்ணீர் ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் பிடி உதிர்ந்துபோனால் குறைவு. வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

மே மாதக் கத்திரி வெயிலில் ஓரங்கள் இரண்டே நாளில் காய்ந்துவிடும். வாரத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும். கோழி எச்சத்தில் ஏற்கெனவே உப்பு உண்டு, கடலோரப் பகுதியில் உப்பேறிய போர்த் தண்ணீரை ஊற்றினால் அது இன்னும் கூடும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. ஒரு வாளியில் பிடித்து வைத்தால் இதற்கு அருமையாகப் பயன்படும்.

மழைக்காலத்தில் தார்ப்பாயை மூங்கில் அல்லது கம்பி வளைவின்மேல் போட்டுக் கூரைபோல் சரிவாகக் கட்டுங்கள், பக்கங்களில் காற்றுப் போக இடம் விட்டு. குவியலின்மேலேயே தார்ப்பாயைப் போர்த்தினால் மூச்சடைத்துப் புளித்துப்போகும். தார்ப்பாயின் மடிப்பில் தேங்கும் தண்ணீரைத் தட்டிவிட மறக்காதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த ஒரு மடிப்பு போதும்.

சூடும் கிளறலும்

சரியாகக் குவித்திருந்தால் இரண்டு மூன்று நாளில் நடுப்பகுதி சூடேறும். 55 முதல் 65 பாகை செல்சியஸ்வரை போக வேண்டும். இந்தச் சூட்டில்தான் சால்மொனெல்லாவும் களை விதைகளும் ஈ முட்டையும் சாகும். நீளத் தண்டுள்ள வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஓர் இரும்புக் கம்பியை நடுவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு இழுங்கள். நுனியைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் போதிய சூடு இருக்கிறது.

வெளி ஓரம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும், அங்குள்ள கிருமி பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் கிளறல். ஓரத்தில் இருப்பது நடுவுக்கும், நடுவில் இருப்பது ஓரத்துக்கும் வரும்படி மொத்தத்தையும் புரட்டிப் போட வேண்டும். ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது ஐந்து தடவை. நம் வெயிலில் வீட்டு ஈ முட்டையிலிருந்து ஈயாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் தவறாமல் கிளறினால் புழுக்கள் சூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும்.

விடியற்காலையில் கிளறிப் பாருங்கள். மண்வெட்டியை உள்ளே விட்டுத் திறந்ததும் ஆவி எழும்பும். சருகின்மேல் சாம்பல் பூத்ததுபோல் வெண்மையாக ஏதோ படர்ந்திருக்கும். பூஞ்சணம் பிடித்துக் கெட்டுவிட்டது என்று புதியவர்கள் இங்கேதான் பயப்படுகிறார்கள். அது சூட்டில் வளரும் ஆக்டினோமைசீட் வகை நுண்ணுயிர், குவியல் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி. தட்டையான பழுப்புப் புழுக்கள் மொய்த்தாலும் கலங்க வேண்டாம். வீட்டு ஈயின் புழு வெளுப்பாக, சின்னதாக இருக்கும். பழுப்பாகத் தடித்திருப்பது ‘பிளாக் சோல்ஜர் ஃபிளை’ என்ற வேறோர் ஈயின் புழு; அதுவும் கழிவைத் தின்று நமக்கு உதவுவதுதான். ஆனால் மக்காத எச்சத்திலிருந்து பொறுக்கிக் கோழிக்குப் போடாதீர்கள், நோய் திரும்பவும் கோழிக்கே போய்விடும்.

சூடே ஏறவில்லை என்றால் ஈரம் குறைவா என்று முதலில் பாருங்கள். ஈரம் சரி என்றால் சருகு அதிகமாகியிருக்கும், கம்புக்கடி எச்சம் கொஞ்சம் சேருங்கள். அம்மோனியா நெடி என்றால் சருகு போதவில்லை. அழுகிய முட்டை வாடை என்றால் தண்ணீர் அதிகம், காற்று இல்லை. உடனே கிளறி, காய்ந்த சருகும் சுள்ளியும் கலக்க வேண்டும்.

ஆறவிடுதல்

நாலைந்து வாரத்தில் கிளறினாலும் சூடு திரும்ப ஏறாத நிலை வரும். உரம் தயார் என்று எடுத்துவிடாதீர்கள். இன்னும் ஒன்றரை இரண்டு மாதம் நிழலில் லேசான ஈரத்தோடு கிடக்கட்டும். இந்தக் கட்டத்தில் கிளற வேண்டாம், மண்புழு தானாக வந்து சேரும். மாசி பங்குனியில் குவித்தால் ஆடிப்பட்டத்துக்கு விதைக்கும்போது கையில் உரம் இருக்கும், மழைக்காலத்து அவஸ்தையும் கிடையாது. முதல் குவியலை இந்தக் கணக்கிலேயே தொடங்கச் சொல்வேன்.

தயாரானது எப்படித் தெரியும்? கருத்த பழுப்பாக, உதிரியாக, முதல் மழையில் எழும் மண்வாசனையோடு இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பிடி ஈர உரத்தை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து முகருங்கள். நெடி வந்தால் இன்னும் ஆகவில்லை. அப்புறம் இரண்டு தொட்டியில் வெந்தயம் விதைத்துப் பாருங்கள்: ஒன்றில் வெறும் மண், மற்றதில் பாதி மண் பாதி உரம். நாலைந்து நாளில் இரண்டிலும் ஒரே மாதிரி முளைத்தால் நம்பிப் பயன்படுத்தலாம். உரத்தொட்டியில் முளை கருகியோ குன்றியோ இருந்தால் இன்னும் ஒரு மாதம் விடுங்கள். உமி மிஞ்சியிருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். கால் அங்குலச் சல்லடையில் சலித்து, மேலே தங்கியதை அடுத்த குவியலுக்குப் போட்டுவிடலாம்.

செடிக்குப் போடுதல்

தொட்டிச் செடிகளுக்கு மண் நாலு பங்கு, உரம் ஒரு பங்கு. அதற்குமேல் போனால் உப்புச் சேர்ந்து இலை நுனி காயும், மாடித்தோட்டத்தில் இது சீக்கிரமே தெரியும். கத்தரி, மிளகாய், வெண்டைக்கு மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி, தண்டை ஒட்டாமல் சுற்றிலும் தூவி மண்ணோடு கிளறிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். வாழைக்கும் முருங்கைக்கும் ஒரு பாண்டு தாங்கும். தென்னைக்கு மரத்திலிருந்து மூன்றடி தள்ளி வட்டப் பாத்தியில் இரண்டு மூன்று பாண்டு.

கீரை, முள்ளங்கி, கேரட் போல மண்ணைத் தொட்டு வளர்ந்து பச்சையாகவோ லேசாக வதக்கியோ சாப்பிடுவதற்கு முழுதாகச் சூடேறி ஆறிய உரத்தை மட்டும் போடுங்கள். டிரம்மில் சூடேறாமல் மக்கிய உரம் என்றால் அதைப் போட்டதற்கும் அறுவடைக்கும் இடையே 120 நாள் இடைவெளி வேண்டும், கீரைக்கு அது ஒத்துவராது. அந்த உரத்தை மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.